மிரியாமுக்காகக் காத்திருந்த பாளயம்

வேதபகுதி: லேவியராகமம் 13, எண்ணாகமம் 12



பள்ளிப் பிள்ளைகளிடையே தொற்றுநோய் பரவாமல் தடுப்பதைக் குறித்து இம்மாதம் தியானிப்போம். லேவியராகமத்தில், சரீரத்தில் சந்தேகமான அடையாளம் உள்ளவனை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான். தெளிவாகாவிட்டால் இன்னும் ஏழு நாள். (அங்கே குஷ்டம் என்று வருவது பலவகைத் தோல் நோய்களைக் குறிக்கும். இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை பெறும் தொழுநோயாளியை ஒதுக்கிவைக்க அவசியமே இல்லை.)

பிள்ளைகளின் நோய்களுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. தட்டம்மை கண்ட பிள்ளை, தடிப்பு தோன்றிய பின் 4 நாள் வீட்டில் இருக்கவேண்டும். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து 5 நாள். சின்னம்மைக்குக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை.

இவற்றில் தட்டம்மை பொல்லாதது. நோயுள்ள பிள்ளை வெளியே போன பின்னும் 2 மணி நேரம் வரை அந்தக் கிருமி வகுப்பறைக் காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பிள்ளைகள் அருகில் இருந்தால் ஒன்பது பேர் வரை பிடித்துக்கொள்ளும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுவதால், கை கழுவுவதும் வீட்டில் வைத்திருப்பதும் மட்டும் போதாது. 9 மாதத்திலும், மீண்டும் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, கைப்பேசியில் வந்த வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினார்கள். படித்தவர்களும் தயங்கினார்கள் என்பதுதான் வருத்தம்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவதைப் பார்த்து நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். மருத்துவரிடம் காட்டாமல் விட்டுவிட்டால் ஆபத்துதான். ஆனாலும் இந்த வீட்டுக்குள் வரவேண்டாம் என்று அது தெருவுக்கே சொல்லிவிடுகிறது. அந்த வீட்டார் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. நாமோ காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

ஏன் அனுப்புகிறோம்? இங்கேதான் மிரியாமின் சம்பவத்தைக் கவனிக்கவேண்டும். அவளுடைய வியாதி தேவதண்டனையாக வந்தது. நம் பிள்ளைகளின் காய்ச்சலை அப்படி எண்ணலாகாது. நாம் கவனிப்பது ஜனங்கள் செய்த காரியத்தை. அவள் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். அவள் திரும்பச் சேர்க்கப்படும்வரை அவர்கள் ஆஸரோத்தை விட்டுப் புறப்படவில்லை. எண்ணப்பட்ட புருஷர் மாத்திரம் 6,03,550 பேர்! அத்தனை பேரும் ஒருத்திக்காக நின்றார்கள்.

நம் பள்ளிகள் நிற்பதில்லை. ஐந்து நாள் வராத பிள்ளைக்குப் பாடம் போய்விடுகிறது. ஏழைப் பிள்ளைக்கு மதிய உணவும் போய்விடுகிறது. தாய் கூலிக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் அடுப்பு எரியாது. ஆகவே பிள்ளை இருமிக்கொண்டே வகுப்பில் உட்காருகிறது.

தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் காணிக்கை பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள சிறு செலவுகளுக்கே உதவுகிறது: கைகழுவும் இடத்தில் சோப்பு, தாய்க்குப் பஸ் கட்டணம், நோயுள்ள வீட்டுக்கு அந்த வாரத்து அரிசி பருப்பு. இவை கணக்கில் பெரிதாகத் தெரியாது. ஆனால் இவை இல்லாமல் பிள்ளையை வீட்டில் வையுங்கள் என்று எங்கள் நர்ஸ்மார் சொல்வது வெறும் பேச்சு.

காணிக்கையோடு இன்னொன்றும் கேட்கிறோம். ஒரு நாள் கூடத் தவறாமல் வந்ததற்கென்று ஞாயிறு பள்ளியில் பரிசு கொடுக்கிறோமே, அதை நிறுத்திவிடலாமா? சுரம் அடிக்கும் பிள்ளை, அந்தப் பரிசுக்காக அழுது அடம்பிடித்து வருகிறது. நிறுத்த மனமில்லாத சபைகள், வருகைப் பதிவேட்டில் நோய் விடுப்பு என்று ஒரு பத்தி சேர்த்து, அந்த நாட்களையும் வந்த நாட்களாகவே எண்ணட்டும். இவ்வருடப் பரிசளிப்புக்கு முன்னமே சபைக் கமிட்டியில் இதைப் பேசி, எடுத்த தீர்மானத்தை எங்களுக்கும் எழுதுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரி குருவானவர்