ஆப்பிரிக்கப் பிரயாணமும் மலேரியாவும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருப்பூர் காதர்பேட்டைக்கு நைஜீரிய வியாபாரிகள் பனியன் சரக்கெடுக்க வருவதைப் போலவே, திருப்பூர்க்காரர்களும் வியாபார நிமித்தமாகவோ தையல் வேலை பழக்கிக் கொடுக்கவோ ஆப்பிரிக்க தேசங்களுக்குப் பிரயாணம் செய்யும் இந்நாளில், அவர்களோடு கூடவே புறப்படும் சில தவறான நம்பிக்கைகளைக் களைய வேண்டியது அவசியமாகிறது.

நொய்யல் கரையில் பிறந்து, கொசுக்கடியிலேயே வளர்ந்த நம் சரீரத்தை அங்குள்ள கொசு என்ன செய்துவிடும் என்பது அவற்றுள் முதன்மையானது. நம் சாக்கடையில் பெருகிக் காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸ் வேறு. சுவரில் வாலைத் தூக்கிச் சாய்வாக அமர்ந்து, அந்தி முதல் விடியும் வரை கடிக்கும் அனாபிலிஸ் வேறு. மேலும், மலேரியாவை எதிர்க்கும் சக்தி வெறும் கொசுக்கடியால் வருவதன்று. குழந்தைப் பருவம் முதல் அந்த ஜுரத்தில் பலமுறை விழுந்தெழுந்தவர்களுக்கே, அதுவும் அரைகுறையாக, அது அமைகிறது. சில வருஷம் விலகியிருந்தால் அதுவும் குன்றிவிடுமாதலால், திருப்பூரில் நெடுங்காலம் தங்கிவிட்டுச் சொந்த ஊர் செல்லும் நைஜீரியரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவரே. உலகில் மலேரியாவால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று நைஜீரியா என்ற அந்த ஒரு தேசத்தில் நிகழ்கின்றன.

மஞ்சள் ஜுரத் தடுப்பூசி போட்டு அட்டையும் பெற்றாயிற்று, இனிப் பயமில்லை என்பார் பலர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடப்படும் அந்த ஊசி மஞ்சள் ஜுரத்தைத் தடுக்குமேயன்றி மலேரியாவைத் தடுக்காது. நிலவேம்புக் கஷாயத்தை நம்பி மலேரியாத் தடுப்பு மாத்திரையைக் கைவிடுவதும் தகாது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மலேரியா இல்லை என்பதோ மெய்தான். அந்நகரம் அத்தனை உயரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து தெற்கே இறங்கி ஹவாசாவின் ஆடை ஆலைகளுக்குச் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

ஊர் திரும்பியவுடன் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற எண்ணமே எல்லாவற்றினும் அபாயகரமானது. கொசு செலுத்திய கிருமி முதலில் கல்லீரலில் ஒளிந்து பெருகி, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே ரத்தத்தில் இறங்குவதால், கடைசி இரவில் பட்ட கடியின் விளைவு விமானம் இறங்கிய பின்னரே வெளிப்படும். ஆதலால், ரத்தத்தில் உள்ள கிருமியைத் தாக்கும் டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் மாத்திரைகளைத் திரும்பிய பின்னும் 4 வாரம் உட்கொள்ள வேண்டும். கல்லீரலிலேயே தாக்கும் அடோவாகுவோன்-புரோகுவானிலுக்கு 7 நாள் போதும். எது யாருக்குப் பொருந்தும் என்பதை, புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். 2016-இல் மலேரியா இல்லாத தேசமென்று அறிவிக்கப்பட்ட இலங்கை, வெளிநாடு செல்வோருக்கு இம்மாத்திரைகளை இலவசமாகவே அளித்து வருகிறது. நம் ஏற்றுமதி நிறுவனங்களும் பிரயாணச் சீட்டோடு இதையும் தம் பொறுப்பாகக் கொள்வது நியாயம்.

மாத்திரை உண்பவரும் மருந்தூட்டிய கொசுவலையை விரிப்பின் அடியில் செருகிக்கொண்டே உறங்க வேண்டும். எம்மாத்திரையும் பூரணக் காப்பளிப்பதில்லை. ஃபால்சிபாரம் வகை மலேரியா, சிகிச்சை தாமதித்தால் 24 மணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாக முற்றக்கூடியது. ஆகவே, திரும்பிய சில மாதங்களுக்குள் ஜுரம் கண்டால், அலைச்சலென்றோ தண்ணீர் மாறியதென்றோ எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், அன்றைக்கே மருத்துவரிடம் சென்று, ஆப்பிரிக்கா போய்வந்த செய்தியை முதலில் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.