மாஸ்க் போட்டால் நுரையீரல் சோம்பேறி ஆகாது

"சிபாப் மெஷினைப் போட்டா நுரையீரல் சோம்பேறியாயிடுமாமே டாக்டர்? அப்புறம் அது இல்லாம மூச்சே விட முடியாதாமே?" ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்தாலும் தில்லை நகரிலிருந்து வந்தாலும் இதே கேள்விதான். இதை நம்பி மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டு, பட்டப்பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சிபாப் தேவைப்படும் தூக்க மூச்சுத்தடை நோயில் (ஸ்லீப் ஆப்னியா) கோளாறு நுரையீரலில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. தூக்கத்தில் தசை தளர்ந்ததும் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. மனைவி செல்போனில் எடுத்துவரும் வீடியோவைப் பாருங்கள்: குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். வயிறு எக்கி எக்கி இழுக்கும், காற்று போகாது. பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். 10 நொடி நின்றால் அது ஒரு தடை. மணிக்கு 5 தடை வந்தாலே நோய், 30 வந்தால் கடுமையான நோய்.

1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் கண்டுபிடித்த சிபாப் வழி எளிமையானது. மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாது. உள்ளே போவது அறைக் காற்றுதான், ஆக்சிஜன் அல்ல. கொரோனா வார்டில் பார்த்துப் பயந்த வென்டிலேட்டரும் இதுவல்ல. மூச்சை இழுப்பது உங்கள் நெஞ்சுதான். அது எப்படிச் சோம்பேறியாகும்? நிறுத்தினால் குறட்டை திரும்புவது, கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவது போலத்தான். அதற்குப் பெயர் அடிமைத்தனமா?

"போட்டும் மாரடைப்பு குறையலையாமே" என்பவர்கள் 2016-இல் வெளிவந்த சேவ் ஆய்வைக் காட்டுகிறார்கள். அதில் இருந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான் மாட்டினார்கள். பாதி ராத்திரி கழற்றி வைத்தால் மீதி ராத்திரிக்கு யார் பொறுப்பு? மூக்குத்தண்டில் காற்று கசிந்தால் மாஸ்க்கின் அளவை மாற்றுங்கள். வாய் உலர்ந்தால் ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள்.

ஒல்லியானவருக்கு வராதா? தாடை சிறுத்திருந்தால் வரும். ஆபரேஷன் செய்தால் தீருமா? டான்சில் பெரிதாக இருப்பவருக்குப் பலன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. கீழ்த்தாடையை முன்னால் தள்ளும் பல் கருவி மிதமான நோய்க்கு நல்லது. ஆனால் பிடிமானத்துக்குப் பல் வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடைகள் ஏறக்குறைய கால்பங்கு குறையும். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை இந்த நோய்க்குத் தர அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி தந்தது, அதுவும் உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும். மூக்கில் விடும் எண்ணெய்க்கு ஆதாரமே இல்லை. "வெறும் குறட்டைதானே" என்பவர்களுக்கு: 2022-இல் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர் சொன்ன காரணம் இந்த நோய்தான்.

உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுபவர் பஸ் ஓட்டினால் என்ன ஆகும்? அதனால் போக்குவரத்துத் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருச்சி பஞ்சப்பூரிலிருந்து ராத்திரி சென்னைக்குப் பஸ் எடுக்கும் டிரைவருக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, கண்ணைச் சோதிக்கிற டாக்டரே கழுத்தளவையும் எடுத்து, குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேட்கட்டும். சந்தேகம் வந்தால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பட்டும், செலவை அரசு ஏற்கட்டும். மெஷின் போட்டுக்கொள்ளும் டிரைவரின் வேலையைப் பறிக்கக் கூடாது. பறித்தால் அடுத்தவர் வாயே திறக்கமாட்டார்.