நன்னீரும் போக்கும்

சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "குழாய் நீரைத்தான் ஏர் கூலரில் ஊற்றுகிறோம். குடித்தால் கரிக்கவில்லை. ஆனால் தட்டியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, ஏன்?"

இதே பாடத்தை நான் கற்றது ஒரு தவறு செய்துதான். 1980-ல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. ராஜஸ்தானில் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின் ஷெட் ஒன்றில் வேலை. ஒரு கிணற்று நீரை நாவில் விட்டுப் பார்த்து, "நல்ல தண்ணீர்தான்" என்று பாய்லருக்கு விடச் சொன்னேன். சில நாட்களில் பாய்லரில் நுரை பொங்கி, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் புகுந்து, வண்டி நடுவழியில் நின்றது. ஃபோர்மேன் திட்டவில்லை. "அடிநீரை எத்தனை முறை வெளியே விட்டாய்?" என்று மட்டும் கேட்டார். ஒருமுறைகூட விடவில்லை.

கணக்கு எளிது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நீர் 10 லிட்டர். அதில் 9 லிட்டர் ஆவியானால் நீர் மட்டுமே போகும், உப்பு போகாது. மீதி ஒரு லிட்டரில் 3,000 மில்லிகிராம் நிற்கும்.

பொதுவாக, லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குக் குறைவான உப்பு கரைந்திருந்தால் அது நன்னீர். கடல்நீரில் சுமார் 35,000. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி.

ஏரிகளுக்கும் இதே கணக்குதான். காஷ்மீரில் ஊலர் ஏரிக்குள் ஜீலம் நதி புகுந்து வெளியேறுகிறது. உப்பும் கூடவே போய்விடுவதால் அது நன்னீர் ஏரி. நம் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாம்பர் ஏரிக்கு மேந்தா, ரூபன்கட் ஆறுகள் வருகின்றன. வெளியேறும் ஆறு கிடையாது. வெயில் நீரை எடுத்துக்கொள்ள, உப்பு தங்கிவிடுகிறது. அதைத்தான் பாத்தி கட்டி எடுக்கிறார்கள். ஆக, நன்னீருக்கு வரத்து மட்டும் போதாது, போக்கும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நன்னீர் எல்லாம் குடிநீர் ஆகாது. கடைகளில் விற்கும் டி.டி.எஸ். மீட்டர், கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும். கிருமியையோ, ராஜஸ்தான் நிலத்தடி நீரில் பல இடங்களில் உள்ள ஃபுளோரைடையோ தனியே காட்டாது. போர் தண்ணீர் குடிப்பவர்கள் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே நல்லது.

சகோதரிக்குப் பதில்: உங்கள் கூலர் ஒரு சின்ன சாம்பர் ஏரி. வாரம் ஒருமுறை தொட்டி நீரை முழுவதும் வெளியே விட்டு, புது நீர் ஊற்றுங்கள். உப்புப் படிவது குறையும், கொசுவும் பெருகாது.