மெலியக் குளிசை கேட்ட மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகள்,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய போத்தலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை, ஒரு மெலிந்த இடுப்பு, 'நூறு வீதம் இயற்கை', 'முப்பது நாளில் பத்துக் கிலோ'. பின்பக்கத்தில் 'மூலிகைச் சாறு' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்த மூலிகை, எத்தனை மில்லிகிராம், யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது, பதிவு இலக்கம் என்ன, ஒன்றையும் காணவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் காலம் கழித்தவளின் கண் முதலில் பின்பக்கத்துக்குத்தான் போகும். இதைக் குடிக்காதே. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்து. ஏன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன். நீ படித்த பிள்ளை, காரணம் இல்லாமல் சொன்னால் ஏற்கமாட்டாய்.

முதலில் அந்தப் பத்துக் கிலோவைக் கணக்குப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்துக் கிலோவுக்கு 77,000. அதை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 2,500க்கும் மேல். உன் வயதில், உன் உயரத்தில், நாள் முழுக்கக் கம்பஸுக்கு ஓடித் திரிகிற பெண்ணின் உடம்பு எரிப்பதே இரண்டாயிரத்துக்கு அங்கே இங்கேதான். ஒரு மாதம் பச்சைத் தண்ணீரோடு இருந்தாலும் அந்த அளவு கொழுப்பு கரையாது. அப்படியென்றால் தராசில் குறைந்து காட்டுவது என்ன? பெரும்பாலும் தண்ணீர். மெலியும் தேநீர் என்று விற்பவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்கைக் கலப்பது பழைய வழக்கம். வயிறு இளகினால் தண்ணீர் போகும், அதோடு பொட்டாசியமும் போகும். தண்ணீர் குடித்ததும் நிறை திரும்பிவிடும். பொட்டாசியம் குறைந்தால் கைகால் சோர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறும்.

இதே குளிசையைக் குடிக்கிற உன் சிநேகிதிக்கு உண்மையாகவே பசி அடங்கியது, சோறே வேண்டாம் என்றிருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குப் பயம் வந்தது அந்த வரியைப் படித்தபோதுதான். மூலிகைப் போத்தல் ஒன்று சில நாளிலேயே பசியை அப்படி அடித்து நிறுத்துகிறதென்றால், உள்ளே மூலிகை அல்லாத ஏதோ இருக்கிறதென்று சந்தேகப்பட வேண்டும்.

2002இல் சிங்கப்பூரில் நடந்ததைக் கேள். 'ஸ்லிம் 10' என்ற குளிசை சீன மூலிகை மருந்து என்ற பெயரில் விற்பனையானது. தொலைக்காட்சி நடிகை அன்ட்ரியா டி குரூஸ் அதை வாங்கிக் குடித்தார். ஈரல் செயலிழந்தது. அப்போது அவருடைய காதலனாக இருந்த நடிகர் பியர் பிங் தன் ஈரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அதே குளிசை குடித்த இன்னொரு பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஈரல் கெட்டு இறந்துபோனார். குளிசையை ஆய்வுகூடத்தில் பிரித்துப் பார்த்தபோது ஃபென்ஃப்ளூரமைன் அகப்பட்டது. இதய வால்வைப் பழுதாக்குகிறது என்று 1997இலேயே சந்தையிலிருந்து திருப்பி எடுக்கப்பட்ட மருந்து அது. அதன் இனத்தைச் சேர்ந்த, ஈரலைத் தாக்கும் இன்னொரு இரசாயனமும் இருந்தது. யப்பானிலும் அதே ஆண்டு இதே கலப்படத்தால் ஆட்கள் இறந்தார்கள்.

அது பழைய கதை என்று நினைக்காதே. இப்போது கலக்கிறவர்களின் கை அதிகம் போவது சிபுத்திரமின் என்ற மருந்துக்கு. ஒரு காலத்தில் டொக்டர்மாரே துண்டு எழுதிக் கொடுத்த மருந்துதான். ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், இதய நோய் ஆபத்து உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடியது தெரிந்தது. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை நிறுத்தின, 2011இல் இந்தியா தடை செய்தது. தடை வந்தபின் அந்தத் தூள் மூலிகைக் கூடுகளுக்குள் போய்விட்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அதிகாரிகள் கலப்பட மருந்து கண்டுபிடித்த 776 சத்துணவுப் பொருட்களில் பத்தில் நான்கு மெலியச் சொல்லி விற்றவை. அவற்றில் அதிகம் அகப்பட்டது சிபுத்திரமின்தான். உன் சிநேகிதிக்கு நெஞ்சு படபடக்கிறதா, வாய் காய்கிறதா, இரவில் நித்திரை இல்லையா என்று கேட்டுப் பார். ஆம் என்றால் போத்தலையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஓபீடிக்குப் போகச் சொல். கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் தேயிலைச் சாயத்தில் போனால் நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். போத்தலை வெட்கப்பட்டு ஒளிக்கக் கூடாது. எதைக் குடித்தாள் என்று தெரியாமல் டொக்டர் என்ன செய்வார்?

கொழுப்பை 'எரிக்கும்' மஞ்சள் தூள் என்று இணையத்தில் டீ.என்.பீ. வரும். 1933இல் அமெரிக்காவில் மெலியும் மருந்தாகப் புகழ்பெற்று, கண்ணில் புரை விழுத்தி, சிலரைக் காய்ச்சலிலேயே வேகவைத்துக் கொன்று, 1938இல் ஒழிக்கப்பட்ட நஞ்சு அது. அதற்கு முறிமருந்து இல்லை. பெயரைக் கண்டாலே விலகு.

இனி நீ கேட்ட கொறக்காப்புளிக்கு வருகிறேன். வெளிநாட்டுப் போத்தல்களில் 'கார்சீனியா கம்போஜியா' என்று பெரிதாக எழுதியிருப்பது நம் நாட்டுக் குசினியில் மீனுக்குப் போடுகிற அதே கொறக்காதான். அதன் தோலில் உள்ள ஓர் அமிலம் உடம்பில் கொழுப்புச் சேர்வதைத் தடுக்கும் என்று எலிகளில் கண்டார்கள். மனிதரில் பார்க்க, 1998இல் நியூயோர்க்கில் 135 பேரை எடுத்துப் பாதிப்பேருக்கு அதையும் மீதிப்பேருக்கு வெறுங் குளிசையையும் பன்னிரண்டு கிழமை கொடுத்தார்கள். கொறக்காக்காரர் 3.2 கிலோ குறைந்தார்கள், வெறுங் குளிசைக்காரர் 4.1 கிலோ குறைந்தார்கள். இரண்டு கூட்டமும் உணவைக் குறைத்திருந்தது, குறைந்த நிறை அதனால் வந்தது. மீன் ஆணத்தில் இரண்டு துண்டு போடுவதால் எவருக்கும் ஒன்றும் ஆகாது. சாற்றைச் செறிவாக்கிக் கூட்டில் அடைத்து நாளுக்கு மும்முறை விழுங்கினவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது. பச்சைத் தேயிலையும் அப்படித்தான். கோப்பையில் ஊற்றிக் குடி, பயமில்லை. அதன் சாற்றுக் குளிசையில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் அதன் கட்டெச்சின் உள்ளே போனால் ஈரல் நொதிகள் ஏறலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது.

எல்லாமே பொய்யா பெரியம்மா என்று கேட்பாய். இல்லை. துண்டில்லாமல் சில நாடுகளில் வாங்கக் கூடியவற்றில் ஒன்று நேர்மையான மருந்து, ஓர்லிஸ்டட். 120 மில்லிகிராம் துண்டுக்கு, 60 மில்லிகிராம் அமெரிக்காவில் 2007 முதல் துண்டில்லாமல். அது இரத்தத்துக்குள் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. குடலில் கொழுப்பை உடைக்கும் நொதியை மறித்து, தின்ற எண்ணெயில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சமிக்காமல் வெளியே விடும். சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு பெரிய குளிசையைக் குடித்தவர்கள் 5.8 கிலோ குறைந்தார்கள், கட்டுப்பாட்டோடு வெறுங் குளிசை குடித்தவர்கள் 3 கிலோ. நான்கு வருடத்தில் குளிசை கூட்டித் தந்தது மூன்று கிலோவுக்கும் குறைவு. அவர்கள் எல்லாரும் உன்னைவிட மிகவும் பருத்தவர்கள்.

எங்கள் சோற்றுக் கோப்பைக்கு அது இன்னும் குறைவாகவே உதவும். நம் வீட்டுச் சாப்பாட்டில் எண்ணெயைவிடச் சோறும் சீனியும்தான் அதிகம். ஓர்லிஸ்டட் சோற்றையும் சீனியையும் தொடவே தொடாது. தேங்காய்ப்பால் கறியும் பொரியலும் தின்ற அன்றைக்கோ, அந்த எண்ணெய் அடக்க முடியாமல் உடுப்பில் கசியும். லெக்சர் ஹோலில் இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பார். ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் அதோடு போகும். தைரொயிட் குளிசை குடிப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும். தேவைப்படுகிறவருக்கு டொக்டர் பார்த்துக் கொடுக்கட்டும். புதிதாக வந்திருக்கும் ஊசிகள் உண்மையிலேயே நிறையைக் குறைப்பவை, ஆனால் அவையும் டொக்டரின் கண்ணுக்குக் கீழே போக வேண்டியவை. ஃபேஸ்புக் கடையில் வாங்குகிற பொருளல்ல.

நீ 158 சென்ரிமீற்றர், 64 கிலோ என்று எழுதியிருந்தாய். பீ.எம்.ஐ. 25.6. நம்மைப் போன்ற ஆசியருக்கு 23க்கு மேல் போனால் கவனிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், சலரோகம் நம்மைச் சீக்கிரம் பிடிப்பதால். ஆகவே கொஞ்சம் குறைப்பது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. இடுப்பை நாடாவால் அளந்து பார், 80 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் அவசரமே இல்லை. இலக்கு மூன்று கிலோ என்று வை. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்று போன முறை சொன்னாய். சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம், தைரொயிட் குறைவாக இருக்கலாம். நிறை ஏறியதற்கே அது காரணமாக இருக்கக்கூடும். குளிசை தேடுவதற்கு முன் அதைத் தேட வேண்டாமா? நீர்க்கட்டியாக இருந்தால் ஐந்து வீத நிறை குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்காகும் பிள்ளைகள் பலர்.

எங்கே குறைப்பது என்று சொல்கிறேன். ஒரு தேக்கரண்டி சீனி இருபது கலோரி. கம்பஸில் ஒரு நாளைக்குக் குடிக்கிற நாலைந்து தேநீரில் இரண்டு மூன்று கரண்டி வீதம் போனால் இருநூறு, முந்நூறு கலோரி பசி ஆறாமலே உள்ளே போகிறது. முதல் கிழமை அரைக் கரண்டி குறை, நாக்கு பழகிவிடும். சோடாப் போத்தலில் 2016 ஓகஸ்ட்டிலிருந்து நிறப் பொட்டுப் போட்டிருக்கிறார்கள். சிவப்பென்றால் நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி, நானூறு மில்லிலீற்றர் போத்தலில் ஒன்பது கரண்டி. அதை வாங்காதே. கன்டீன் ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலை. வீட்டுக்கு வரும் நாட்களில் சோற்றை ஒரு பங்கு குறைத்து அந்த இடத்தில் மீனையும் முருங்கையிலைச் சுண்டலையும் வை. வாவியில் திரளியும் ஓராவும் இறாலும் கிடைக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்குப் புரதத் தூள் எதற்கு? பொரிக்காமல் ஆணமாக வை. எருமைத் தயிரை விடச் சொல்லவில்லை, பாணியை விடு. பின்னேரத்தில் முக்கால் மணி நேரம் வேகமாக நட. விடுதியில் இருக்கும்போது சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போ. மாதம் ஒரு கிலோ குறையும், குறைந்தது நிற்கும்.

ஆவணிக் கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ என்று உன் தலையில் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் மாமி சொன்னதை அம்மா எனக்குச் சொன்னா. அன்றிலிருந்து அம்மா உனக்கு இரவுச் சாப்பாட்டை நிறுத்தப் பார்ப்பதும் தெரியும். பட்டினி கிடந்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு தின்பாய், அதற்குப் பிறகு உன்னையே வெறுப்பாய். அது வேண்டாம். உன் இடுப்பை அளந்து கதைக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது பெரியவர்கள் நாங்கள். மாப்பிள்ளை வீட்டோடு நானே கதைக்கிறேன், அம்மாவுக்கும் தனியாக எழுதுகிறேன்.

நீ இந்தக் கிழமையே விடுதிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காண். மாதவிலக்கு விபரத்தை மறைக்காமல் சொல். இரத்தப் பரிசோதனையில் சீனி, தைரொயிட்டுக்கு டீ.எஸ்.எச்., ஈரலுக்கு எஸ்.ஜி.பி.டி. மூன்றும் செய்யச் சொல்லிக் கேள். சிநேகிதியும் உன்னோடு வரட்டும், எஸ்.ஜி.பி.டி. உன்னைவிட அவளுக்குத்தான் அவசரம். முடிவு வந்ததும் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா