குளிரில் விறைக்கும் ஒயர்



மதுரையில் வாங்கிய மின்சார ஒயர் சுருளைக் கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்று, தை மாத விடியற்காலையில் பிரித்துப் பாருங்கள். கடையில் கயிறுபோல் வளைந்த ஒயர், அங்கே விறைத்துக்கொண்டு நிற்கும். சுவரிலுள்ள பைப்பில் நுழைத்தால் மூலையில் திரும்ப மறுக்கும். உள்ளே உள்ள செம்பு மாறிவிட்டதா? இல்லை. மாறியது அதன் மேலுள்ள பி.வி.சி. உறையே.

கடலை மிட்டாய் கற்பிக்கும் பாடம்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறைகிறது. ஆனால் கடலை மிட்டாய்க்குக் காய்ச்சும் வெல்லப்பாகு அப்படி அன்று. சூட்டில் கம்பியாக இழுபடும். ஆற ஆறச் சிறிது சிறிதாக இறுகும். முடிவில் கண்ணாடிபோல் 'டக்'கென்று உடையும். பி.வி.சி.யும் பாகின் இனத்தைச் சேர்ந்ததே.

பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். தனி பி.வி.சி. சுமார் 80 டிகிரிக்குக் கீழே விறைப்பானது. தண்ணீர்க் குழாய் வளையாததற்கு இதுவே காரணம். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலறிஞர் வால்டோ செமன், எளிதில் ஆவியாகாத சில திரவங்களுடன் இதைச் சூடாக்கினார். ரப்பர்போல் வளையும் பொருள் கிடைத்தது! இத்தகைய திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். சேவையில் எண்ணெய் விட்டால் இழைகள் ஒட்டாமல் நழுவுகின்றன அல்லவா? அதுபோல இத்திரவம் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை நழுவ விடுகிறது.

குளிரில் இந்த நழுவல் மந்தமாகிறது. கொடைக்கானல் குளிரில் உறை பெரும்பாலும் விறைப்பதோடு நின்றுவிடும். லடாக்கின் லே நகரைப்போல் பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடங்களில், சட்டென்று வளைத்தாலோ தட்டினாலோ கீறலும் விழலாம். ஆகவே சாதாரண பி.வி.சி. ஒயரை அங்கே குளிரில் பதிப்பதில்லை. சுருளை ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பான அறையில் வைத்து, பிறகு பெரிய வளைவாக, மெதுவாக இழுக்கிறார்கள். கடுங்குளிருக்கென்றே சிலிக்கோன் ரப்பர் உறையிட்ட ஒயர்களும் உண்டு. அவை மைனஸ் 50 டிகிரியிலும் வளையும்.

ஏன் இவ்வளவு கவனம்? பைப்புக்குள் விழுந்த கீறல் கண்ணுக்குத் தெரியாது. விளக்கும் எரியும். மழைக்காலத்தில் ஈரம் புகுந்ததும் மின்சாரம் கசியும். ஒயரை அவசரமாக வளைத்தவர் ஒருவர். சுவரைத் தொட்டு ஷாக் அடிபடுபவர் வேறொருவர்.

செய்து பாருங்கள்

எதனோடும் இணைக்கப்படாத பழைய ஒயர்த் துண்டுகள் இரண்டை, ஒரே நீளத்தில் எடுங்கள். ஒன்றை உப்பு கலந்த பனிக்கட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் விரலில் சுற்றி ஒப்பிடுங்கள். குளிர்ந்த துண்டு வெயிலில் சூடேறியதும் மறுபடி இளகுவதையும் கவனியுங்கள்.

மதுரை வெயிலின் வேலை

அப்படியானால் மதுரைக்குக் கவலை இல்லையா? உண்டு! சாதாரண பி.வி.சி. ஒயரின் வெப்ப எல்லை 70 டிகிரி. சித்திரை வெயிலில் காற்றே 40 டிகிரி இருந்தால், மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பத்துக்கு மிஞ்சுவது 30 டிகிரி மட்டுமே. சுமை மிகுந்து ஒயர் ஆண்டுக்கணக்கில் சூடானால், பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். உறை காய்ந்து, வளைத்தால் வெடிக்கும். குளிர் உண்டாக்கிய விறைப்பு சூடேறினால் நீங்கும். வெயிலும் சுமையும் உண்டாக்கிய விறைப்போ நீங்காது. ஒயரை மாற்றத்தான் வேண்டும்.

சிந்திக்க: ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 40 டிகிரி மதுரையில் ஓர் ஒயர் 10 ஆம்பியர் தாங்கினால், 10 டிகிரி கொடைக்கானலில் அதே ஒயர் ஏறக்குறைய எத்தனை ஆம்பியர் தாங்கும்? (விடை: 14. 30 டிகிரி இடைவெளி 60 ஆகிறது. 2இன் வர்க்கமூலம் 1.4.)