முன்கண்ணாடியும் ஓட்டுநர் உதவிக் கேமராவும்

எங்களிடம் மின்சாரக் கார்க் கடன் பெறுவோரில் பலர் முன்கண்ணாடியை வெறும் கண்ணாடியாகவே எண்ணுகின்றனர். கிரெட்டா எலெக்ட்ரிக், கர்வ் இ.வி. ஆகியவற்றின் உயர்வகைகளில் ஓட்டுநர் உதவிக் கேமரா அதன் பின்னேதான் உள்ளது. கண்ணாடி மாற்றியபின் கேமராவின் நோக்கு ஒரு பாகை விலகினாலும் 100 மீட்டரில் பிழை ஏறத்தாழ 1.75 மீட்டராகும்; நெடுஞ்சாலைத் தடத்தின் அகலமோ 3.5 மீட்டர்தான். எனவே சமதளத்தில் குறிப்பலகை வைத்தோ, கோடிட்ட சாலையில் ஓட்டியோ, தயாரிப்பாளர் கூறும் முறையில் அதை அளவுத்திருத்தம் செய்தல் வேண்டும்.

காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. அளவுத்திருத்தக் கட்டணம் வேறு. பழைய கண்ணாடியைக் கழற்றுமுன்னரே அதனை மதிப்பீட்டில் சேர்த்து, சர்வேயரின் ஒப்புதலைப் பெறுக. பின்னர் கேட்டால் வாக்குவாதமே மிஞ்சும். செலவு சிறிதெனில் கைப்பணமே மேல்: தனிப் பாதுகாப்பு எடுக்காதவர் இழப்பீடு கோரினால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும்.