குருவானவரும் அரசியலும்

“சுவாமி கோயிலைப் பார்த்தால் போதாதா? அரசியல் அவருக்கு ஏன்?” என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. ஆனால் பிள்ளையைப் பிடித்துச் சென்றுவிட்டார்கள் என்றால், அதே வீட்டார் ஓடிவருவது பங்குமனைக்குத்தான்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285ஆம் இலக்கம், ஆட்சி அதிகாரமுள்ள அரச பதவிகளைக் குருக்களுக்கு விலக்குகிறது. கட்சிகளில் முனைந்து ஈடுபடுவதை 287ஆம் இலக்கம் தடுக்கிறது. திருச்சபை அதிகாரிகள் பொதுநலன் கருதி அவசியமெனத் தீர்மானித்தால் மட்டும் விலக்குண்டு. தேர்தலும் மாநகர சபை ஆசனமும் பொதுநிலையினரின் களம். அதில் நிற்க நம்மவர்கள் தயங்கிவிட்டுச் சுவாமியை முன்னே தள்ளுவது சரியல்ல.

ஆயினும் அதே 287ஆம் இலக்கத்தின் முதற்பிரிவு, நீதியில் ஊன்றிய சமாதானத்தை மக்களிடையே வளர்ப்பதைக் குருக்களின் கடமையாக்குகிறது. அதை நாம் அதிகம் படிப்பதில்லை. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ எப்பதவியையும் நாடியவரல்லர். மக்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் கல்முனைக்கு அண்மையில், சொறிக்கல்முனைப் பங்குத்தந்தை செல்வராஜா சவரிமுத்து காணாமற்போனார்.

கல்முனையில் வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே நீதி கேட்பவரும் அதை மறுப்பவரும் ஒரே மொழி பேசும் அயலவர்கள். வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதத்தில் சுபத்திராராமய விகாராதிபதியும் இந்துக் குருக்களும் முன்நின்றனர். முஸ்லிம்கள் எதிர்ச் சத்தியாக்கிரகம் இருந்தனர். உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. பக்கத்துச் சாய்ந்தமருதில் ஏப்ரல் 26 இரவு நடந்த மோதலின் அச்சமும் தணியவில்லை. அந்நிலையில் பொதுபல சேனாவின் ஞானசார தேரரும் பந்தலுக்கு வந்தார். அயலவர் பிணக்கில் தூரத்தார் புகுந்தால் மேடை யார் கையில் போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

தமிழரின் கோரிக்கை நியாயமானதென்றே கருதுகிறேன். ஆயினும் அத்தகைய பந்தலில் ஒரு குரு அமருமுன் சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் போகவேண்டும். எல்லை, காணி, வருமானம் பற்றி அங்குள்ளோர் அஞ்சுவது என்னவென்று மௌலவிமாரோடு இருந்து கேட்கவேண்டும்.

அபிவிருத்தியும் இப்படியே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டோர் 10,000க்கு மேல். அத்தகைய அழிவின்பின் வீடும் படகும் யாருக்கு முதலில் என்று பட்டியல் எழுதுவதும் அரசியலே. அதில் முஸ்லிம் மீனவர் ஒருவரின் பெயர் விடுபட்டால், பிரதேச செயலாளரிடம் போய்க் கேட்கும் முதல் ஆள் பங்குத்தந்தையாய் இருக்கட்டும்.